உல்ம் நகரத்துப் பாட்டி பேசுவதும் ஜெர்மன்தான்: ஒரு செவிலியரின் கேள்விக்குப் பதில்

கேள்வியைக் கேட்டிருப்பவர் ஒரு செவிலியர். தமிழ்நாட்டில் பி2 நிலை (நடுத்தரத்துக்கு மேற்பட்ட தேர்ச்சி) வரை ஜெர்மன் படித்துத் தேறி, தெற்கு ஜெர்மனியில் உல்ம் நகருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். தொலைக்காட்சிச் செய்தி புரிகிறதாம். மருத்துவர் பேசுவதும் ஏறக்குறைய முழுதாகப் புரிகிறதாம். 80 வயதைத் தாண்டிய பெரியவர்கள் பேசினால் மட்டும் பாதிக்கு மேல் பிடிபடவில்லை என்கிறார். பொது ஜெர்மனுக்கும் வட்டார வழக்குகளுக்கும் உச்சரிப்பில் என்னென்ன வேறுபாடுகள் என்பதுதான் அவர் எழுதியிருக்கும் கேள்வி. அதன் கீழே அவர் கொட்டியிருப்பதைப் படித்தால் மனத்தில் இருப்பது வேறு என்று தெரிகிறது. இரவும் பகலும் படித்தது உதவாத ஜெர்மனா? இந்தப் பெரியவர்கள் பேசுவது கெட்டுப்போன ஜெர்மனா? இதில் பற்றிக்கொள்ள ஏதாவது ஒழுங்கு உண்டா, அல்லது ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டுமா? சூரிச்சுக்குப் போகவிருக்கும் தோழிக்காகவும் ஒரு வரி கேட்டிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஜெர்மன் மொழியியல் படித்தவன். ஒலியியல் எனக்குப் பிடித்த பாடம். பல ஆண்டுகளாக ஜெர்மன் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் செவிலியர்கள் ஏராளம். உல்ம் பக்கத்து வழக்கான ஷ்வேபிஷ் எனக்குத் தாய்மொழி அல்ல. ஆகவே ஒரு குறிப்பிட்ட ஊரில் ஒரு குறிப்பிட்ட சொல் எப்படி ஒலிக்கும் என்பதில் அந்த ஊர்க்காரர் என்னை மறுத்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். ஆனால் வேறுபாடுகளுக்குள் இருக்கும் ஒழுங்கைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் படித்தது சரியான ஜெர்மன். பாட்டி பேசுவதும் சரியான ஜெர்மன். இரண்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து ஒலி மாற்றங்கள் வரிசை தப்பாமல் நடந்திருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் காது தானாகத் திறக்கும். ஒரு முன்னெச்சரிக்கை: நம் எழுத்தில் கடின ஒலிக்கும் மென்மையான ஒலிக்கும் தனித்தனி வடிவம் இல்லை, புள்ளி வைத்த ஜெர்மன் உயிர்களுக்கும் வடிவம் இல்லை. கீழே நான் எழுதும் வடிவங்களெல்லாம் தோராயமானவை. உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கும் ஒலியோடு சேர்த்துப் படியுங்கள்.

முதலில் பொது ஜெர்மன் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். அது தெரியாததால்தான் பாதிக் கவலை. எழுத்து மொழி பெரும்பாலும் நடுப்பகுதியிலும் தெற்கிலும் இருந்த அரசு அலுவலகங்களின் நடையிலிருந்து திரண்டது. மார்ட்டின் லூத்தர் 1522-இல் புதிய ஏற்பாட்டையும் 1534-இல் முழு பைபிளையும் அந்த வகை மொழியில்தான் வெளியிட்டார். வடக்கே அப்போது பேசப்பட்டது தாழ் ஜெர்மன். அது ஒலியில் டச்சு மொழிக்குப் பக்கத்தில் நிற்பது. வடக்கு நகரங்கள் அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் எழுத்தில் தாழ் ஜெர்மனைக் கைவிட்டுப் புதிய எழுத்து மொழியை ஏற்றன. அவர்களுக்கு அது கிட்டத்தட்ட வேற்று மொழி. ஏட்டில் கண்ட எழுத்தைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து உச்சரித்துக் கற்றார்கள். பின்னாளில் அந்த உச்சரிப்புக்கே மதிப்பு கூடியது. 1898-இல் தியோடோர் ஸீப்ஸ் என்ற பேராசிரியர், நாடக அரங்குகளின் பொறுப்பாளர்களோடும் அறிஞர்களோடும் பெர்லினில் கூடிப் பேசி, மேடை உச்சரிப்புக்கான விதிகளை வெளியிட்டார். ஊருக்கு ஊர் நடிகர்கள் வேறு வேறு விதமாகப் பேசக் கூடாது என்பதுதான் நோக்கம். அவர் பிறந்தது வடக்கே ப்ரேமன் நகரத்தில். நாக்கின் நுனி துடிக்கும் ரகரம்தான் மேடைக்கு உரியது என்று அந்த விதிகள் வற்புறுத்தின. தொண்டையில் உருளும் ரகரத்துக்கு 1957 பதிப்பில்தான் இடம் கிடைத்தது. இன்று உங்கள் பாடப்புத்தக ஒலிப்பதிவில் கேட்பது பெரும்பாலும் அந்தத் தொண்டை ரகரம். ஆக எழுத்து நடுவிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தது, குரல் வடக்கிலிருந்து வந்தது. பாட்டியின் பேச்சு இந்த இரண்டுக்கும் மூத்தது. பொது மொழி சிதைந்து வட்டார வழக்கு பிறந்ததாக நினைப்பது வரலாற்றைத் தலைகீழாகப் பார்ப்பது.

இதோடு இன்னொன்றையும் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் மருத்துவர் பேசுவது வட்டார வழக்கு அன்று. தெற்கத்திப் பொது ஜெர்மன். இருபது என்ற எண்ணைப் பாடப்புத்தகம் 'ட்ஸ்வன்ட்ஸிஹ்' என்று முடிக்கும். உல்ம் மருத்துவர் 'ட்ஸ்வன்ட்ஸிக்' என்பார். சொல்லின் தொடக்கத்தில் உயிரெழுத்துக்கு முன் வரும் ஸகரத்தை வடக்கே தேனீ முரல்வது போல அதிரச் சொல்வார்கள். தெற்கிலும் ஆஸ்திரியாவிலும் அதிர்வில்லாமல் நம் 'சங்கம்' போலச் சொல்வார்கள். சீனாவை வடக்கே சிலர் 'ஷீனா' என்பார்கள், தெற்கே 'கீனா' என்பார்கள். இவற்றை யாரும் பிழை என்று சொல்ல முடியாது. ஆஸ்திரியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் தனித்தனிப் பொது ஜெர்மன் உண்டு என்பதை அகராதிகளே ஏற்றுக்கொண்டுவிட்டன. காப்பியை ஜெர்மனியில் முதல் அசையில் அழுத்திச் சொல்வார்கள், வியன்னாவில் கடைசி அசையில் அழுத்திச் சொல்வார்கள்.

இனி வழக்குகளுக்கு வருவோம். ஜெர்மன் மொழிப் பரப்பை மேலும் கீழுமாகப் பிரித்த பெரிய மாற்றம் ஒன்று உண்டு. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டு முதல் எட்டாம் நூற்றாண்டு வரை தெற்கே ப, ட, க ஆகிய வெடிப்பொலிகள் உரசொலிகளாகவும் இரட்டை ஒலிகளாகவும் மாறின. வடக்கே மாறவில்லை. அதனால் தண்ணீர் வடக்கே 'வாட்டர்', தெற்கே 'வஸ்ஸர்'. செய்தல் வடக்கே 'மாக்கென்', தெற்கே 'மஹென்'. ஆப்பிள் 'அப்பெல்', 'அப்ஃபெல்'. வடக்கத்தி வடிவங்கள் ஆங்கிலம் போல ஒலிப்பதைக் கவனித்திருப்பீர்கள்; ஆங்கிலமும் இந்த மாற்றத்தில் சேராத மொழி. இதை வரைபடத்தில் கண்டுபிடிக்க முனைந்தவர் கேயார்க் வெங்கர். 1876-இல் ரைன் பகுதிப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சிறு வாக்கியங்களை அனுப்பி, 'உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதி அனுப்புங்கள்' என்று கேட்டார். பிறகு அது 40 வாக்கியங்களாக நிலைபெற்று, மார்புர்க் நகரிலிருந்து நாடு முழுக்கப் போனது. 40,000-க்கு மேற்பட்ட ஊர்களிலிருந்து விடை வந்தது. குளிர்காலத்தில் காய்ந்த இலைகள் காற்றில் பறக்கின்றன என்பதுதான் முதல் வாக்கியம்.

விடைகளை வரைபடத்தில் குறித்தபோது ஒரே கோடு வரவில்லை. ரைன் ஆற்றின் வழியே வடக்கிலிருந்து தெற்கே வந்தால், ஊர்டிங்கன் பக்கத்தில் 'இக்' என்பது 'இஹ்' ஆகிறது. டுசல்டார்ஃபின் பகுதியான பென்ராத் பக்கத்தில் 'மாக்கென்' என்பது 'மஹென்' ஆகிறது. இன்னும் தெற்கே, சாங்க்ட் கோவார் பக்கத்தில்தான் 'டட்' என்பது 'டஸ்' ஆகிறது. ஷ்பையர் வந்தபின்தான் 'அப்பெல்' என்பது 'அப்ஃபெல்' ஆகிறது. கொலோன் நகரத்தார் ஒரே மூச்சில் 'டட்' என்று வடக்கத்தி ஒலியையும் 'மாஹெ' என்று தெற்கத்தி ஒலியையும் சொல்வது இதனால்தான். வழக்குகளுக்கு நடுவே வேலி கிடையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் தனி எல்லை உண்டு. இத்தனை வழக்குகள் என்று ஓர் எண்ணிக்கையை எவராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

உல்ம் இந்தக் கோடுகளுக்கெல்லாம் தெற்கே இருக்கிறது. ஆகவே மெய்யெழுத்துகளில் பாட்டியின் பேச்சு நீங்கள் படித்ததோடு பெரிதும் ஒத்துப்போகும். உங்களைத் தடுமாற வைப்பவை உயிரெழுத்துகள். அவற்றில் ஒன்றைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். அது பிடிபட்டால் மற்றவை எளிது.

பொது ஜெர்மனில் இரண்டு 'ட்ஸ்வை', மூன்று 'ட்ரை'. இரண்டும் ஒரே 'ஐ'யில் முடிகின்றன. ஷ்வேபிஷில் இரண்டு 'ட்ஸ்வொய்', மூன்று ஏறக்குறைய 'ட்ரெய்'. இயைபு அறுந்துவிட்டது. ஏன்? கி.பி. 1200 வாக்கில் இவை வேறு வேறு உயிர்கள். இரண்டு என்ற சொல்லில் 'எய்' என்ற கூட்டுயிர் (இரண்டு உயிர்கள் சேர்ந்து ஒலிப்பது) இருந்தது; மூன்று என்ற சொல்லில் வெறும் நீண்ட 'ஈ' இருந்தது, 'ட்ரீ' என்று. பிறகு நீண்ட 'ஈ' பல பகுதிகளில் உடைந்து கூட்டுயிரானது. பொது மொழி உருவானபோது பழைய கூட்டுயிரும் புதிய கூட்டுயிரும் ஒன்றாகிவிட்டன. ஷ்வேபிஷ் அவற்றை ஒன்றாக்கவில்லை. 'வெள்ளை' என்ற சொல்லும் 'எனக்குத் தெரியும்' என்பதில் வரும் வினையும் பொது ஜெர்மனில் ஒரே 'வைஸ்'. ஷ்வேபிஷில் வெள்ளை 'வெய்ஸ்', தெரியும் என்பது 'வொய்ஸ்'. உடலைக் குறிக்கும் 'லைப்' என்ற சொல்லும் முழு ரொட்டியைக் குறிக்கும் 'லைப்' என்ற சொல்லும் பொது மொழியில் எழுத்தில்தான் வேறுபடுகின்றன. ஷ்வேபிஷில் காதிலேயே வேறுபடுகின்றன, 'லெய்ப்' என்றும் 'லொய்ப்' என்றும். லெஹ் ஆற்றுக்குக் கிழக்கே பவேரியன் வழக்கிலும் இதே பிரிவினை வேறு ஒலியில் நிற்கிறது: அங்கே தெரியும் என்பது 'வொவஸ்', இரண்டு 'ட்ஸ்வொவ'.

வட்டார வழக்கு சோம்பேறிப் பேச்சு, தெளிவில்லாத பேச்சு என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியாது. பொது ஜெர்மன் பேசுபவர்களே தொலைபேசியில் எண் சொல்லும்போது 'ட்ஸ்வை'யை விட்டுவிட்டு 'ட்ஸ்வோ' என்கிறார்கள். மூன்றோடு குழம்பிவிடும் என்ற அச்சம்தான் காரணம். மருந்தின் அளவைத் தொலைபேசியில் கேட்டு எழுதும் உங்களுக்கு இந்த 'ட்ஸ்வோ' உயிர்காக்கும் சொல். வகுப்பில் யாரும் சொல்லித் தராவிட்டால் இப்போது குறித்துக்கொள்ளுங்கள். பாட்டியின் வழக்கில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு எத்தனை சொற்கள் திறக்கின்றன பாருங்கள். 'ஹைஸ்' (சூடு) என்று படித்தது 'ஹொய்ஸ்' ஆகும். 'ஷ்டைன்' (கல்) 'ஷ்டொய்' ஆகும். 'க்ளைன்' (சிறிய) 'க்ளொய்' ஆகும். 'ஃப்ளைஷ்' (இறைச்சி) 'ஃப்ளொய்ஷ்' ஆகும். ஆனால் 'ட்ஸைட்' (நேரம்), 'மைன்' (என்) முதலியவை 'ஒய்' ஆகமாட்டா. அவை பழைய நீண்ட 'ஈ'யிலிருந்து வந்தவை. எந்தச் சொல் எந்தப் பக்கம் என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். விதிவிலக்குகளும் உண்டு. பவேரியனில் 'தூய', 'ஆவி' என்ற பொருள் தரும் சொற்கள் எதிர்பார்த்தபடி மாறாமல் பொது மொழி போலவே நிற்கின்றன. பிரசங்க மேடையின் உச்சரிப்பைக் கேட்டுப் பழகியதால் அப்படி ஆனது என்பது அறிஞர்கள் வழக்கமாகத் தரும் விளக்கம். நம்பத்தக்க விளக்கம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அது விளக்கம், நிரூபணம் அன்று.

இரண்டாவது கூட்டம்: பழைய கூட்டுயிர்கள். 'ரத்தம்' பொது ஜெர்மனில் 'ப்ளூட்', பாட்டி வாயில் 'ப்ளுவட்'. 'நல்ல' என்பது 'கூட்', அவர் சொல்வது 'குவட்'. 'சகோதரன்' 'ப்ரூடர்', அவர் சொல்வது 'ப்ருவடர்'. 'அன்பான' என்பது 'லீப்', அவர் சொல்வது 'லியப்'. எழுதும்போது இந்தக் கடைசிச் சொல்லில் i என்ற எழுத்தை அடுத்து e என்ற எழுத்தும் வருமே, ஒலிக்காத அந்த எழுத்து எதற்கு என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. ஒரு காலத்தில் அது ஒலித்தது. பாட்டியின் வாயில் இன்னும் ஒலிக்கிறது. இதேபோலப் பழைய நீண்ட 'ஆ' ஷ்வேபிஷில் 'ஓ' பக்கம் சாயும், சில ஊர்களில் 'அவ்' போல விரியும். 'ஷ்லாஃபென்' (தூங்குதல்) 'ஷ்லோஃபா' ஆகும், 'ஷ்ட்ராஸெ' (தெரு) 'ஷ்ட்ரோஸ்' ஆகும். நாள் என்ற 'டாக்' மட்டும் 'ஓ' ஆகாது. அதன் 'ஆ' பழங்காலத்தில் குறிலாக இருந்து பிறகு நீண்டது.

மூன்றாவது, புள்ளி வைத்த உயிர்கள். வகுப்பில் உதட்டைக் குவித்துக் குவித்து நீங்கள் பயிற்சி செய்த ஒலிகளைப் பாட்டி குவிக்காமலே சொல்வார். 'ஷ்யோன்' (அழகான) 'ஷே' ஆகும். 'ஹொய்டெ' (இன்று) 'ஹைட்' ஆகும். 'ம்யூடெ' (களைப்பு) இரண்டு விதிகளையும் வாங்கிக்கொண்டு 'மியட்' ஆகும். காலையில் அறைக்குள் நுழைந்ததும் காதில் விழும் 'க்ரியஸ் கோட்' என்ற வணக்கமும் அப்படிப் பிறந்ததுதான். இது ஷ்வேபிஷுக்கு மட்டும் உரியதன்று. பவேரியா, சாக்ஸனி, பலட்டினேட் எங்கும் கேட்கலாம்.

நான்காவது, ஸ்ட் என்ற கூட்டெழுத்து. 'ஃபெஸ்ட்' என்பது 'ஃபெஷ்ட்', மார்பு 'ப்ருஸ்ட்' என்பது 'ப்ருஷ்ட்', தாகம் 'டுர்ஸ்ட்' என்பது 'டுர்ஷ்ட்', நீ இருக்கிறாய் 'பிஸ்ட்' என்பது 'பிஷ்'. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் ஜெர்மனியிலேயே உண்டு. ஆனால் சொல்லின் தொடக்கத்தில் எல்லோருமே இதைச் செய்கிறார்கள். ஸகர எழுத்தை எழுதிவிட்டு 'ஷ்டைன்', 'ஷ்பீலென்' என்று படிக்கிறோம். அது தெற்கிலிருந்து பொது மொழிக்குள் வந்த பழக்கம். ஹாம்பர்க் பக்கத்துப் பழைய தலைமுறை 'ஸ்டைன்' என்றே சொன்னது. பொது மொழி சொல்லின் வாசலோடு நின்றுவிட்டது, தென்மேற்கு வீட்டுக்குள்ளும் கொண்டுபோனது. இதன் கிழக்கு எல்லையாக லெஹ் ஆற்றைச் சொல்வார்கள். மாநில எல்லையை நம்ப வேண்டாம்: டானூப் ஆற்றைத் தாண்டினால் நொய்-உல்ம் பவேரிய மாநிலம்தான், ஆனாலும் அங்கே பேசுவது ஷ்வேபிஷ்.

ஐந்தாவது, உதிர்வுகள். சொல்லின் ஈற்றிலுள்ள னகரம் போய் 'அ' மட்டும் மிஞ்சும்: 'மஹென்' என்பது 'மஹா'. இறந்தகால வடிவத்தின் முன்னொட்டான 'கெ' சுருங்கி வெறும் 'க்' ஆகும். வெடிப்பொலிக்கு முன் அதுவும் காணாமல் போகும். 'கெப்ரஹ்ட்' (கொண்டுவந்த) என்று நீங்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது 'ப்ரோஹ்ட்' என்று வந்து போய்விடும். என் மாணவர்கள் பெரும்பாலும் வாக்கியத்தைத் தவறவிடும் இடம் இதுதான். அந்தக் 'கெ'யை நம்பியே இறந்தகாலத்தை அடையாளம் காணப் பழகியிருக்கிறார்கள்.

இப்போது இப்படி ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'இ ஹன் ஹைட் நஹ்ட் நெட் க்ஷ்லோஃபா, மிர் துவட் டர் ஃபுவஸ் ஸோ வே.' முதல் கேட்பில் சுவர் போல நிற்கும். பிரித்துப் பாருங்கள். 'இ' என்பது 'இஹ்', நான். 'ஹன்' என்பது 'ஹாபெ'. 'ஹைட்' குவியாத 'ஹொய்டெ'. 'நெட்' என்பது 'நிஹ்ட்', இல்லை. 'க்ஷ்லோஃபா'வில் மூன்று விதிகள்: முன்னொட்டு சுருங்கியது, 'ஆ' 'ஓ' ஆனது, ஈற்று னகரம் போனது. 'துவட்', 'ஃபுவஸ்' இரண்டும் பழைய கூட்டுயிர். நேற்றிரவு தூங்கவில்லை, கால் அவ்வளவு வலிக்கிறது என்கிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் விதி இருக்கிறது. எதுவும் தற்செயலாக மாறவில்லை.

ஒலியைப் பிடித்த பிறகும் ஒரு பள்ளம் உண்டு. அது உச்சரிப்பைச் சேர்ந்ததன்று, ஆனாலும் உங்கள் வேலைக்காகச் சொல்ல வேண்டும். 'ஃபுவஸ்' என்றால் பாடப்புத்தகப்படி பாதம். ஷ்வேபிஷில் இடுப்புக்குக் கீழே முழுக் காலையும் அப்படிச் சொல்வார்கள். கைகாட்டச் சொல்லி உறுதிசெய்யாமல் பதிவேட்டில் 'பாத வலி' என்று எழுதிவிடாதீர்கள். 'ஹேபென்' என்றால் பொது மொழியில் தூக்கு, ஷ்வேபிஷில் பிடித்துக்கொள். தூக்கு என்பதற்கு அங்கே 'லுப்ஃபா' என்ற சொல் இருக்கிறது. நோயாளியை இருவர் சேர்ந்து நகர்த்தும்போது இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். 'டெப்பிஹ்' கேட்டால் தரைவிரிப்பைத் தேடாதீர்கள். போர்த்திக்கொள்ளக் கம்பளி கேட்கிறார்.

மற்றப் பகுதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெர்லினில் 'நான்' என்பது 'இக்', கண் 'ஔகெ' என்பது 'ஓகெ', நல்ல என்ற சொல்லின் முதல் ககரம் யகரமாகி 'யூட்'. கொலோனிலும் அந்த யகரம் உண்டு. சாக்ஸனியிலும் ஃப்ரங்கன் பகுதியிலும் ப-வும் ட-வும் மென்மையாகிவிடும்; ஆகவே ஒரு பெயரை எழுத்துக்கூட்டும்போது அங்குள்ளவர்களே 'கடின ப-வா, மென்மையான ப-வா' என்று கேட்டுக்கொள்வார்கள். ரைன்லாண்ட், ஹெஸ்ஸன், பலட்டினேட் பகுதிகளில் 'இஹ்' என்பது 'இஷ்' ஆகி, தேவாலயமும் செர்ரிப் பழமும் ஒரே 'கிர்ஷெ'யாகக் கேட்கும். இதையெல்லாம் படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்க முடியாது. பிராங்பர்ட்டில் 1749-இல் பிறந்த கோத்தே, 'ஃபௌஸ்ட்' நாடகத்தில் கிரெட்ஷன் மன்றாடும் இடத்தில் 'நைகெ' என்ற சொல்லுக்கு 'ரைஹெ' என்று முடியும் சொல்லை இயைபாக வைத்திருக்கிறார். பொது உச்சரிப்பில் அந்த இயைபு பொருந்தாது. பிராங்பர்ட் வாய்க்குப் பொருந்தும்.

நிச்சயமில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ப, ட, க ஏன் தெற்கே மாறின என்பதற்கு எல்லோரும் ஒப்பும் காரணம் கிடையாது. தெற்கே தொடங்கி வடக்கே பரவியதா, பல இடங்களில் தனித்தனியே எழுந்ததா என்பதிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது. வழக்குகள் அழிகின்றனவா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. வடக்கு நகரங்களில் தாழ் ஜெர்மன் மிகவும் சுருங்கிவிட்டது என்பது உறுதி. ஐரோப்பியப் பிராந்திய மொழிகள் சாசனத்தின் கீழ் ஜெர்மனியில் 1999 முதல் அதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. தெற்கே நடப்பது வேறு. ஆழ்ந்த ஊர் வழக்குக்கும் பொது மொழிக்கும் நடுவே ஒரு சரிவு இருக்கிறது, இளையவர்கள் அதில் மேல் நோக்கி நகர்கிறார்கள். உங்களோடு வேலை செய்யும் 25 வயதுச் செவிலியர் 'பிஷ்', 'நெட்' என்பார். 'ட்ஸ்வொய்' என்று சொல்வாரா என்பது அவர் குடும்பத்தையும் கிராமத்தையும் பொறுத்தது. ஒரே பாட்டியும் மகளிடம் ஒரு விதமாகவும் மருத்துவரிடம் வேறு விதமாகவும் பேசுவார். மகளோடு பேசும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அங்கேதான் விதிகள் முழுதாக வெளிப்படும்.

என்ன செய்வது? நீங்கள் பேசுவது பொது ஜெர்மனாகவே இருக்கட்டும். அதை எல்லோரும் புரிந்துகொள்வார்கள். அரைகுறையாக அவர்கள் வழக்கைப் பேசினால் சிலருக்குக் கேலி செய்வது போலத் தோன்றலாம். 'நெட்', 'க்ரியஸ் கோட்' போன்றவை தானாக வந்து ஒட்டிக்கொண்டால் தடுக்க வேண்டாம். கேட்பதற்கு மட்டும் பயிற்சி எடுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் இடப்பக்கம் கேட்ட ஒலி, வலப்பக்கம் படித்த சொல் என்று எழுதுங்கள். அகர வரிசையில் எழுதாமல் மேலே சொன்ன விதிகளின்படி கூட்டம் கூட்டமாக எழுதுங்கள். தென்மேற்கின் பொது ஒலிபரப்பான எஸ்டபிள்யூஆர் நிகழ்ச்சிகளில் ஊர்க்காரர்கள் பேசும் பகுதிகளைத் தேடிக் கேளுங்கள். வெங்கரின் வரைபடங்களை மார்புர்க் நிறுவனம் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. உங்கள் ஊரைத் தேடி ஒரு சொல்லைத் தட்டிப் பார்ப்பதில் எனக்கு இன்னும் மகிழ்ச்சி குறையவில்லை. புரியாதபோது, பொது ஜெர்மனில் ஒருமுறை சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். மருந்து, வலி, ஒவ்வாமை ஆகிய மூன்றிலும் ஊகத்துக்கு இடம் தராதீர்கள்.

சூரிச்சுக்குப் போகும் தோழிக்கு: உல்ம் அனுபவம் உங்களிடமிருந்து அவருக்குப் பாதி வழி உதவும். 'பிஷ்', 'ஃபெஷ்ட்' அங்கும் உண்டு. நல்ல என்பது 'குவெட்'. புதிதாக இரண்டு வரும். முதலாவது, நான் மேலே சொன்ன நீண்ட 'ஈ' அங்கே உடையவே இல்லை. நேரம் 'ட்ஸீட்'. நீண்ட 'ஊ'வும் அப்படித்தான், வீடு 'ஹூஸ்'. இரண்டாவது, சொல் தொடக்கத்துக் ககரம் தொண்டையில் உரசும் ஹகரமாகிவிடும். குழந்தை 'ஹிண்ட்'. சமையலறை அலமாரிக்கு அவர்கள் சொல்லும் 'ஹுஹிஹேஷ்ட்லி'யை வெளியூர்க்காரர்களிடம் சொல்லச் சொல்லிச் சிரிப்பார்கள். சொல்லிக் காட்டினால் நட்பு பிறக்கும்.

ஒலியைவிடப் பெரிய வேறுபாடு நிலையில்தான் இருக்கிறது. ஜெர்மனியில் படித்தவர்கள் அலுவலில் பொது மொழிக்கு மேலேறுவார்கள். சூரிச்சில் பேராசிரியரும் வங்கி அதிகாரியும் மருத்துவரும் தங்களுக்குள் வழக்கில்தான் பேசுவார்கள். எழுதுவது பொது ஜெர்மனில். மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் இரட்டை வழக்கைப் (ஒரே சமூகத்தில் எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என இரு வகை மொழி நிற்பதை) பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு எடுத்துக்காட்டுகளில் சுவிஸ் ஜெர்மனும் ஒன்று. தொலைக்காட்சியில் முக்கியச் செய்தி பொது ஜெர்மனில் வரும், வானிலை அறிக்கை வழக்கில் வரும். 2011 மே மாதத்தில் சூரிச் மாநில வாக்காளர்கள் மழலையர் பள்ளியில் வழக்குதான் பேச வேண்டும் என்று வாக்களித்தார்கள். தோழி பொது ஜெர்மனில் பேசத் தொடங்கினால் எதிரே இருப்பவர் உடனே அதற்கு மாறிவிடுவார், அது மரியாதை. ஆனால் நண்பகல் உணவு மேசையில் ஐந்து பேர் கூடினால் பேச்சு மறுபடி வழக்குக்குப் போய்விடும். வேலை தொடங்கும் முன்பே கேட்கப் பழகுவது நல்லது. சூரிச்சிலும் பெர்னிலும் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் வளர்த்துக்கொண்ட சுவிஸ் ஜெர்மனைச் சரளமாகப் பேசுகிறார்கள். தோழிக்கு அப்படி ஓர் அறிமுகம் வாய்த்தால், தமிழில் கேள்வி கேட்டு ஒவ்வோர் ஒலியையும் மெதுவாகச் சொல்லிக்காட்டச் சொல்லலாம்.